பஸ் காசை முதலில் எடுத்து வை

திருவேங்கடம்

அன்பு மருமகனுக்கு,

நீ அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். சிரிப்பு நிகழ்ச்சிக்கு டிக்கெட் 300 ரூபாய். போவதற்கு முன்னால் காபி, முடிந்தபின் எட்டுப் பேருக்கும் பிரியாணி, அதில் உன் பங்கு, ராத்திரி ஆட்டோ என்று மேற்கொண்டு 900. "சென்னையில் சிரிக்கக்கூடக் காசு வேண்டியிருக்கு மாமா" என்று அலுத்துக்கொள்கிறாய். சிரித்ததற்கு 300தான் மாப்ள. மிச்சத்தைக் கூட்டாளிகள் முன்னால் 'எனக்குப் பசிக்கலை' என்று சொல்லக் கூச்சப்பட்டதில் விட்டிருக்கிறாய்.

நானும் விட்டவன்தான். 1980களில் அங்கே ஒரு அச்சகத்தில் வேலை, திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஜாகை. தியாகராய நகர் வாணி மகாலில் கிரேஸி மோகன் நாடகம் என்றால் கடைசி வரிசை டிக்கெட்டுக்கு ஓடுவேன். ஒரு வசனத்துக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்தது போய்விடும். ஒரு நாள் இடைவேளையில் கேன்டீன் போண்டா வாசனை ஆளை இழுத்தது. பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறையை அங்கே கொடுத்துவிட்டேன். நாடகம் முடிந்து நடந்தேன். ஜெமினி மேம்பாலம் வரைக்கும் சிரிப்பு கூடவே வந்தது. அதற்கப்புறம் கால்வலிதான் வந்தது. அன்றிலிருந்து பஸ் காசைத் தனியாகச் சட்டை உள்பையில் போட்ட பிறகுதான் அறையைப் பூட்டுவேன். நீயும் அப்படிச் செய். கடைசி பஸ் எப்போது, மெட்ரோ எப்போது என்று பார்த்துவிட்டு அப்புறம் நிகழ்ச்சியைத் தேடு.

பெரிய பெயருள்ளவர் மேடைக்கு ஆண்டுக்கு ஒருமுறை போனால் போதும். மற்ற நாளில் ஓபன் மைக் என்று வைக்கிறார்களே, புது ஆட்கள் சரக்கைச் சோதித்துப் பார்க்கிற இடம், அதற்குப் போ. பாதி ஜோக் படுத்துவிடும். படுத்த ஜோக்கை ஒருத்தன் எப்படித் தூக்கி நிறுத்துகிறான் என்று பார்ப்பது தனிச் சுகம். சிரிப்பு வந்தால் வாய்விட்டுச் சிரி, அவனுக்கும் அது கூலி. பொங்கலை ஒட்டிச் சென்னை சங்கமம் நடக்கும். பூங்காவிலும் கடற்கரையிலும் கரகம், பறை, ஒயில் எல்லாம் இலவசம்.

இலவசம் என்றதும் இளக்காரமாக நினைக்காதே. நம்ம ஊர் அம்மன் கொடையில் பாயை விரித்து விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டவன் நீ. சாமி பிறந்த கதை உருக்கமாகப் போய்க்கொண்டிருக்கும். கிழவிகள் கண்ணைத் துடைப்பார்கள். குடம் அடிக்கிறவர் குடத்தின் வாயில் ஒரு தட்டு தட்டிவிட்டு, "அப்போ பிள்ளைக்குப் பாலு ரொக்கத்துக்கு வாங்குனாகளா, கடனுக்கா அண்ணாச்சி?" என்பார். அழுத கிழவியே முந்தானைக்குள் சிரிப்பாள். உன் ஸ்டாண்ட்-அப்காரர்கள் செய்கிற வேலையில் இது எந்த விதத்தில் குறைச்சல்? வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் நம்ம திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவரைச் சென்னைக்குக் கூட்டிப்போனதே கலைவாணர்தான். வில்லோடு போனவர் சினிமாவுக்கு நகைச்சுவை எழுதினார், 2021இல் பத்மஸ்ரீயும் வாங்கினார். நீ காசு கொடுத்துப் பார்க்கிற சரக்கில் கொஞ்சம் இங்கிருந்து போனது என்று சொன்னால் ஊர்ப் பெருமை பேசுகிறேன் என்பாய். பேசுகிறேன்தான்.

குற்றாலத்தில் சாரல் விழா நடக்கிற அரங்குக்கும் கலைவாணர் பெயர்தான். சீசனுக்கு லீவு போட்டு வா. அரங்கில் நுழையக் காசு கிடையாது. கலை நிகழ்ச்சி முடிந்ததும் அப்படியே பேரருவிக்கு நடந்துவிடலாம். பகலில் முண்டியடிக்கிற கூட்டம் ராத்திரியில் வடிந்திருக்கும், விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் விழுவதை நின்று பார்க்கலாம். வெள்ளம் அதிகமாகிப் போலீஸ்காரர் விசில் அடித்தால் மட்டும் மறு பேச்சுப் பேசாமல் கரையேறிவிட வேண்டும். குளித்து முடித்த பசிக்குப் பிரானூர் பார்டர் புரோட்டா. அந்தச் செலவு என்னுடையது. கூச்சப்படாமல் சாப்பிடு.

பொதிகை எக்ஸ்பிரஸில் சங்கரன்கோவில் வரைக்கும் டிக்கெட் போடு, ஸ்டேஷனுக்கு வண்டியோடு வந்து நிற்கிறேன். எண்ணெய், சோப்பு கொண்டுவராதே, அருவியில் விடமாட்டார்கள். துண்டு மட்டும் இரண்டு எடுத்துக்கொள். போன தடவை என் துண்டைக் கொண்டுபோனவன் இன்னும் திருப்பித் தரவில்லை.

அன்புடன்,
மாமா