சிறைக்குள்ளிருந்து வந்த படங்கள்

அன்புள்ள நண்பருக்கு,

'யோல்' என்ற துருக்கியப் படத்தை இயக்கியவர் ஷெரீஃப் கோரன்தானே, அதை யில்மாஸ் குனேயின் படம் என்று ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கொலைக்குத் தண்டனை பெற்றவரை இப்படிக் கொண்டாடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்வி என்னையும் விடாமல் துரத்துவதுதான். முதலில் அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

1937இல் துருக்கியின் தெற்கே, அதானாவுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் குர்து குடும்பத்தில் பிறந்தவர் யில்மாஸ். பருத்திக் காட்டுக் கூலி வாழ்க்கை அவருக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். அறுபதுகளில் அடிதடிப் படங்களின் நாயகனாகி, 'அசிங்க ராஜா' என்று செல்லப்பெயரும் வாங்கினார். வழுவழுப்பான கதாநாயக முகங்களுக்கு நடுவே தங்களைப் போன்ற ஒரு முகம் என்று ஏழை ஜனங்கள் கொண்டாடினார்கள். அந்தப் புகழையும் பணத்தையும் கொண்டு 1970இல் அவர் எடுத்த படம் 'உமுத்'. நம்பிக்கை என்று பொருள். ஜப்பார் என்ற குதிரைவண்டிக்காரனின் குதிரையைக் கார் ஒன்று அடித்துப் போட்டுவிடுகிறது. குதிரை போனால் பிழைப்பு போயிற்று. லாட்டரிச் சீட்டு கைகொடுக்கவில்லை. கடைசியில் ஒரு ஹோஜாவின் (மதபோதகரின்) பேச்சை நம்பிப் புதையல் தேடி வறண்ட நிலத்தைத் தோண்டுகிறான். கண்ணைக் கட்டிக்கொண்டு குழியோரம் சுற்றிச் சுற்றி வருவதோடு படம் முடிகிறது. தணிக்கை அதைத் தடை செய்தது.

1974இல் யுமுர்தலிக் என்ற ஊரில் பருத்தித் தொழிலாளர்களைப் பற்றிய 'எந்திஷே' படப்பிடிப்பு நடந்த சமயம். உணவகத்தில் நடந்த தகராறில் ஒரு நீதிபதி சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்காக யில்மாஸுக்கு 19 ஆண்டு சிறை. அந்தச் சாவுக்கு நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. படங்களின் பெருமையால் அது ஈடாகிவிடாது.

உள்ளே இருந்தபடி அவர் திரைக்கதைகளை நுணுக்கமாக எழுதி அனுப்பினார். 'சுரு'வை 1978இல் ஸெக்கி ஒக்தென் எடுத்தார். 'யோல்' எடுத்தவர் கோரன். 1981இல் யில்மாஸ் சிறையிலிருந்து தப்பி ஐரோப்பாவுக்குப் போய், ஸ்விட்சர்லாந்தில் அமர்ந்து அதைத் தொகுத்தார். மறு வருடம் கான் விழாவில் தங்கப்பனை விருது, கோஸ்தா காவ்ராஸின் 'மிஸ்ஸிங்' படத்தோடு பகிர்ந்து. எழுத்தும் தொகுப்பும் அவருடையவை என்பதால் அவர் பெயரைச் சொன்னேன். ஆனால் பனிக்குள் நின்று படமெடுத்த கோரனை ஒரு வரியிலாவது நான் குறிப்பிட்டிருக்க வேண்டும். அது என் தவறு.

'யோலி'ல் ஐந்து கைதிகள் ஒரு வார விடுப்பில் ஊருக்குப் போகிறார்கள். சைத் அலியின் மனைவி நடத்தை தவறினாள் என்று சொந்த வீட்டாரே அவளைச் சங்கிலியில் கட்டிவைத்திருக்கிறார்கள். கணவன் வந்து கொல்ல வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. போகிற வழியில் பனியில் அவன் குதிரை விழுகிறது, அவனே சுட்டுவிடுகிறான். திரும்பும்போது அதே பனியில் மனைவி சரிகிறாள். சாகட்டும் என்று வந்தவன் பெல்ட்டைக் கழற்றி அடிக்கிறான். அவள் உறைந்துவிடாமல் விழித்திருக்க வேண்டுமே என்று அடிக்கிறான். பிறகு முதுகில் சுமக்கிறான். அவள் பிழைக்கவில்லை.

கொலைக்கான தண்டனையை அனுபவித்துக்கொண்டிருந்த ஒருவர் சிறையில் உட்கார்ந்து இதை எழுதினார். உங்கள் இரண்டாவது கேள்விக்கு முன்னால் நான் நிற்கிற இடம் இந்தக் காட்சிதான். இதைத் தாண்டி எனக்கு விடை தெரியவில்லை.

1984இல் பாரிஸில் புற்றுநோயால் இறந்தபோது யில்மாஸுக்கு 47 வயது. துருக்கிக் குடியுரிமை அதற்கு முன்பே பறிக்கப்பட்டிருந்தது. 'யோல்' துருக்கியில் திரையரங்குக்கு வந்தது 1999இல்.

'உமுத்'தை முதலில் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.