தீவுப் பள்ளிக்குப் புறப்படும் இளம் ஆசிரியர்களுக்கு

மாலத்தீவில் ஆங்கில ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அவ்வப்போது என்னைப் பார்க்க வருகிறார்கள். நாகர்கோவில், தூத்துக்குடிப் பக்கம் இது புதிய செய்தியல்ல. எல்லோரும் முதலில் கேட்பது சம்பளத்தையும் விசாவையும்தான். அதைச் சொல்லிவிட்டு, அங்கே மனுஷனாக வாழ்வது பற்றியும் சொல்லி அனுப்புவேன்.

1. ஏஜென்டின் வாய்வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். சம்பளம் ரூஃபியாவிலா டாலரிலா, வீட்டு வாடகையை யார் கட்டுவது, விடுமுறைக்கு ஊர்வர டிக்கெட் உண்டா என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். அரசு கணக்கில் ஒரு டாலருக்கு 15.42 ரூஃபியா. ஆனால் வங்கியில் டாலர் கேட்டவுடன் கிடைத்துவிடாது. ஊருக்கு அனுப்பும் தொகைக்கும் வரம்பு வைப்பார்கள், அது மாறிக்கொண்டும் இருக்கும். கடன் வாங்கிவிட்டுப் போகிறவர்கள் மாதத் தவணையை இதையும் கணக்கில் வைத்துப் போடுங்கள். பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கட்டும்.

2. திருவனந்தபுரத்தில் ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் தலைநகர் மாலே. அங்கிருந்து உங்கள் தீவுக்குப் போகத்தான் நேரம் பிடிக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும், படகு நின்றுபோகும். அதனால் படகில் மாலே வந்து அன்றைக்கே விமானம் ஏறுவதுபோல் டிக்கெட் போடாதீர்கள். ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். தங்கை கல்யாணம் என்றால் இரண்டு நாள். ஸ்பீட் போட்டில் முன்பக்கம் உட்கார்ந்தால் இடுப்பு விட்டுப்போகும், பின்பக்கம் இடம் பிடியுங்கள்.

3. நாட்டில் ஏறக்குறைய 1,200 தீவுகள். மக்கள் குடியிருப்பவை 200-க்கும் குறைவு. தலைநகரில் வேலை கிடைக்காதா என்று ஏங்காதீர்கள். மாலேயில் நெரிசலும் வாடகையும் உங்களை விழுங்கிவிடும். கற்பிக்கும் ஆசை உள்ளவர்களுக்கு வெளித்தீவே நல்லது என்பது என் தீர்மானமான கருத்து. பல தீவுகளை அரைமணி நேரத்தில் நடந்தே சுற்றிவிடலாம். கடையில் அரிசி வாங்கும்போது பக்கத்தில் நிற்பவர் உங்கள் மாணவியின் அப்பா. சாயங்காலம் கரையோரம் நடந்தால், கயிற்று நாற்காலியான ஜோலியில் சாய்ந்திருக்கும் பாட்டி பேரனின் படிப்பைப் பற்றிக் கேட்பாள். இதைத் தொந்தரவாக எண்ணுகிறவர் தீவில் தங்க மாட்டார். நின்று பதில் சொல்லுங்கள். பெற்றோர் கூட்டத்தில் வாய் திறக்காத தாய் அங்கேதான் மனம்விட்டுப் பேசுவாள்.

4. அந்நாட்டு மொழியான திவெஹியைக் கற்றுக்கொள்ளுங்கள். பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில் நடப்பதால் அது இல்லாமலே ஒப்பந்தத்தை முடித்துவிடலாம்தான். ஆனால் பிள்ளை ஏன் தடுமாறுகிறான் என்பது உங்களுக்குப் புரியாது. திவெஹி சிங்களத்துக்கு உறவான மொழி. வாக்கியத்தில் வினை நம் தமிழைப்போலக் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் வினையைக் கொண்டுபோய் இறுதியில் வைக்கும் பிள்ளையைத் திட்டத் தோன்றாது, அவன் எந்த வழியாக வந்தான் என்று நமக்குத் தெரியும். அவர்களுடைய தானா எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். முதல் வகுப்புக் குழந்தை நோட்டைப் பின்பக்கமிருந்து திறந்தால் அது அவனுக்கு முன்பக்கம்.

ஆங்கிலம் வராத பிள்ளையை மந்தம் என்று முடிவுகட்டாதீர்கள். அந்நாட்டு மீனவர்கள் ஆண்டை 27 நட்சத்திரப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 13 அல்லது 14 நாள். எதில் காற்று மாறும், எதில் மழை பெய்யும், எதில் மீன் படும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் அசுவினியும் ரோகிணியும் கொஞ்சம் உரு மாறி அங்கே இருக்கின்றன. ‘தாத்தாவிடம் இந்த நட்சத்திரப் பகுதியின் வானிலையைக் கேட்டு, ஐந்து வாக்கியம் எழுதி வா’ என்று சொல்லிப் பாருங்கள். கடைசி பெஞ்சுக்காரனிடம்தான் சொல்வதற்கு நிறைய இருக்கும்.

5. சாப்பாட்டில் மீன் இல்லாத வேளை அபூர்வம். காலையில் ரோஷி என்ற ரொட்டியும், தேங்காய்ப்பூவோடு பிசைந்த மீனான மஸ் ஹுனியும்; மதியம் சோற்றுக்குச் சூரைமீன் சாறான கருதியா. மாசிக்கருவாடு தின்று வளர்ந்த நமக்கு இது அந்நியமில்லை. சைவக்காரர்கள் பருப்பும் புளியும் கொண்டுபோங்கள். முருங்கையும் கறிவேப்பிலையும் அங்கேயே கிடைக்கும்.

6. அந்நாட்டின் 2008 அரசியல் சட்டப்படி குடிமக்கள் அனைவரும் முஸ்லிம்கள். பிற மத வழிபாட்டைப் பொதுவில் நடத்த முடியாது. சாமி சிலைகளைப் பெட்டியில் கொண்டுபோகாதீர்கள், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். வழிபாடு மனதுக்குள் இருக்கட்டும். ரமலானில் பகலில் வெளியிடத்தில் சாப்பிடக் கூடாது. மாலையில் நோன்பு திறக்கக் கூப்பிட்டால் தட்டாமல் போங்கள்.

7. பள்ளியில் மலையாளிகள், இலங்கையர் எனப் பலர் இருப்பார்கள். தமிழர்கள் மட்டும் ஓர் அறையில் கூடி ஊர்க்கதை பேசிக்கொண்டே இருப்பதை நான் விரும்புவதில்லை. இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். தெரு கூட்டுவதிலிருந்து வீடு கட்டுவது வரை பெரும்பாலும் வங்கதேசத் தொழிலாளர்கள்தான். உங்களுக்கு ‘சார்’, ‘மிஸ்’ என்று மரியாதை கிடைக்கும், அவர்களுக்குக் கிடைக்காது. அவர்களும் உங்களைப்போலவே வீட்டை விட்டு வந்தவர்கள். பெயர் கேட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நீங்கள் அவர்களிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதை மாணவர்கள் கவனிக்கிறார்கள்.

8. வீட்டுக்குத் தினமும் போன் செய்யலாம். ஆனால் பணக்கணக்கோடு அதை முடித்துவிடாதீர்கள். மனைவியோ கணவனோ தனியாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர் என்றால், அன்றைய நாள் அவருக்கு எப்படிப் போனது என்று முதலில் கேளுங்கள். உங்கள் தனிமையை மறைக்கவும் வேண்டாம். ‘எல்லாம் சௌக்கியம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தால், சில வருஷத்தில் இருவருக்கும் பேச விஷயம் இருக்காது. அம்மா அப்பாவுக்கு வயதாகிவிட்டதென்றால், அவசரத்தில் ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது என்று புறப்படும் முன்பே உறவினரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

9. பல தீவுகளில் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிடும். மேலே படிக்கப் பிள்ளைகள் மாலேக்கோ பெரிய தீவுக்கோ போக வேண்டும். சில வீடுகளில் தாயும் கூடவே போய் வாடகை வீட்டில் தங்குவாள். பதினாறு வயதில் வீட்டைப் பிரியும் பிள்ளைக்கு, அதைக் கடந்து வந்த பெரியவர் என்று நீங்கள்தான் பக்கத்தில் இருப்பீர்கள். துணி துவைப்பது, பணத்தை மாதக் கடைசிவரை இழுப்பது, வீட்டு நினைவு வந்தால் என்ன செய்வது என்பதையும் பாடத்தோடு பேசுங்கள்.

10. ஒப்பந்தம் முடிந்து கிளம்புவதை மாணவர்களிடம் ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். விடுமுறைக்குப் போனவர் திரும்பி வரவில்லை என்ற ஏமாற்றத்தை அந்தப் பிள்ளைகள் பலமுறை பார்த்திருக்கிறார்கள். அடுத்து வரும் ஆசிரியருக்கு ஒரு நோட்டு எழுதி வையுங்கள். யாருக்குக் காது மந்தம், யாருடைய அப்பா வாரக்கணக்கில் ரிசார்ட் வேலையில் இருக்கிறார், யார் சத்தமாக வாசிக்கக் கூச்சப்படுகிறார்கள் என்று பெயர்வாரியாக எழுதி, தலைமையாசிரியரிடம் நேரில் கொடுத்துவிட்டுப் படகு ஏறுங்கள்.