வேலியில்லாத வயல்கள்

கேள்வி: இங்கிலாந்தில் பழைய முறைப்படியே இன்றும் பயிரிடும் கிராமம் உண்டா?

பதில்: உண்டு. நாட்டிங்காம்ஷயரில் இருக்கும் லாக்ஸ்டன். 1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே கணக்கிலேயே இந்த ஊர் வருகிறது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் நாடெங்கும் திறந்த வயல்களுக்கு வேலி போட்டு வளைத்தார்கள். இங்கே அந்த வேலை பாதியில் நின்றது. அதனால் மூன்று பெரிய வயல்கள் தப்பின. ஒன்றில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தப் பயிர், மூன்றாவதற்கு ஓய்வு. மறு ஆண்டு முறை மாறும்.

ஒவ்வொரு வயலும் நீளநீளப் பட்டைகளாகப் பல விவசாயிகளின் கையில் இருக்கிறது. நடுவில் வேலி கிடையாது. அப்படியானால் வரப்புத் தகராறு வராதா?

வரும். அதற்குத்தான் ஊருக்கென ஒரு நீதிமன்றம் வைத்திருக்கிறார்கள்! நவம்பர் கடைசியில் நடுவர்கள் கோதுமை வயலைச் சுற்றிப் பார்த்து, எல்லையில் முளை அடிப்பார்கள். பாதையையோ பொதுப் புல்தரையையோ சேர்த்து உழுதவருக்கு அபராதம். விசாரணை நடக்கும் இடம் ஊர் மதுக்கடையான டவ்கோட் இன். நம்மூர் ஆலமரத்தடிக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

1635-இல் மார்க் பியர்ஸ் அளந்து வரைந்த வரைபடத்தில் அன்றைய பட்டைகளை ஒவ்வொன்றாகக் காணலாம். அது இப்போது ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. நிலம் 1952-இல் அரசிடம் போனது. 2020-இல் தோர்ஸ்பி எஸ்டேட் வாங்கியது.