பேச்சுக் கேட்கும் பிள்ளை வேண்டுமா?

குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான், பேரப்பிள்ளைகளையும் வளர்த்தாயிற்று. தலைப்பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்கும் உங்களுக்கு ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: "நமக்கு இவர்கள் இருக்கிறார்கள்" என்ற நம்பிக்கை முதல் மூன்று வயதுக்குள் ஊன்றிவிட்டால், பிற்பாடு உங்கள் கண்டிப்பைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளும். அது ஊன்றாமல் கண்டித்தால் பயம்தான் மிஞ்சும்.

1. அழுதால் தூக்குங்கள். "தூக்கித் தூக்கிக் கைப்பழக்கம் ஆக்கிடாதே" என்பார்கள். ஆறு மாதக் குழந்தைக்கு அடம் பிடிக்கத் தெரியாது. பசி, ஈரத்துணி, வயிற்றுவலி, தனிமை எல்லாவற்றுக்கும் அதனிடம் இருப்பது அழுகை ஒன்றுதான். அமெரிக்காவின் பால்டிமோரில் வீடு வீடாகப் போய்ப் பார்த்த சில்வியா பெல்லும் மேரி எய்ன்ஸ்வொர்த்தும் 1972-ல் எழுதினார்கள்: அழுகைக்கு உடனே ஆள் வந்த குழந்தைகள் ஒரு வயதை நெருங்கும்போது குறைவாகவே அழுதன.

2. சொல்லாமல் நழுவாதீர்கள். பொம்மையைக் காட்டிக் குழந்தையைத் திருப்பிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியே வேலைக்குப் போகும் தாய்மார் பலர். மறுநாள் அந்தக் குழந்தை குளியலறை வாசல்வரை முந்தானையை விடாது. "ஆபீஸ் போய்ட்டு சாயங்காலம் வந்துடுவேன்" என்று முகம் பார்த்துச் சொல்லி, டாட்டா காட்டிவிட்டுப் போங்கள். அழும், பரவாயில்லை. தாய் சிறிது நேரம் அறையைவிட்டுப் போய்த் திரும்பும்படி நடத்திய தம் பரிசோதனையில் எய்ன்ஸ்வொர்த், தாய் போனபோது குழந்தை அழுததா என்பதைவிட, தாய் திரும்பி வந்ததும் என்ன செய்தது என்பதையே முக்கியமாகக் கவனித்தார். ஓடிவந்து ஒட்டிக்கொண்டு, சமாதானமாகி, மறுபடி விளையாடப் போன குழந்தையிடம் நம்பிக்கை ஊன்றியிருந்தது. தாயைக் கண்டும் காணாததுபோல் இருந்த குழந்தையைச் சமர்த்து என்று எண்ணிவிடாதீர்கள். உள்ளே அதன் இதயம் வேகமாகத் துடித்ததைப் பின்னாளைய ஆய்வுகள் காட்டின.

3. ஊட்டும்போது செல்போனை வேறு அறையில் வையுங்கள். போனில் மூழ்கிய முகம் குழந்தைக்குப் பதில் சொல்லாத முகம்தான். எட்வர்ட் ட்ரானிக் 1978-ல் வெளியிட்ட ஆய்வில், தாய்மார் சில நிமிடம் முகத்தில் சலனமே இல்லாமல் குழந்தையைப் பார்த்தபடி இருந்தார்கள். குழந்தைகள் முதலில் சிரித்து அழைத்தன. பதில் வராமல் போகவே முகத்தைத் திருப்பிக்கொண்டன.

4. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூடவே இருங்கள். ஒருகாலத்தில் இங்கிலாந்தில் பெற்றோரை வார்டுக்குள் அதிக நேரம் விடமாட்டார்கள். அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் தனியே இருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தையை ஜேம்ஸ் ராபர்ட்சன் படமெடுத்து 1952-ல் வெளியிட்டார். அழுகையை அடக்கிக்கொண்ட அந்த முகத்தின் துயரத்தைப் படம் காட்டியது. பெற்றோரைத் தாராளமாக அனுமதிக்கும்படி 1959-ல் அந்நாட்டு அரசுக் குழு பரிந்துரைத்தது.

5. பாரத்தைத் தாய் தலையில் மட்டும் கட்டாதீர்கள். அப்பா குளிப்பாட்டட்டும், பாட்டி தூங்க வைக்கட்டும். கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைக் கவனித்து 1964-ல் வெளிவந்த ஆய்வில், ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலானவை தந்தையிடமும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆட்கள் பலர் இருக்கலாம், அடிக்கடி மாறக்கூடாது.

6. பரிவோடு கண்டியுங்கள். கலிபோர்னியாவில் மழலையர் பள்ளிக் குழந்தைகளின் குடும்பங்களை ஆராய்ந்த டயானா பாம்ரிண்ட், 1960களில் மூன்று வளர்ப்பு முறைகளைப் பிரித்துக் காட்டினார். 1983-ல் மக்கோபியும் மார்ட்டினும் அதை நான்காக்கினார்கள். மூன்று வயதுப் பிள்ளை பெட்டிக்கடை வாசலில் சாக்லேட்டுக்காகப் புரண்டு அழுகிறது என்று வையுங்கள். ஒருவர் முதுகில் இரண்டு வைத்து இழுத்துப் போகிறார். இன்னொருவர், ஊரே பார்க்கிறதே என்று வாங்கிக் கொடுத்துவிடுகிறார். வேறொருவர் கண்டுகொள்ளவே இல்லை. நான்காமவர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, "ஆசையா இருக்குல்ல கண்ணு? இன்னிக்குக் கிடையாது. ஞாயித்துக்கிழமை வாங்கலாம்" என்கிறார். அழுகை அடங்கும்வரை அங்கேயே இருக்கிறார். ஞாயிறன்று மறக்காமல் வாங்கியும் தருகிறார். பரிவும் உறுதியும் சேர்ந்த இந்த வளர்ப்பில்தான், தன்னைத்தானே அடக்கிக்கொள்ளத் தெரிந்த, தன்னம்பிக்கையுள்ள பிள்ளைகளை பாம்ரிண்ட் கண்டார். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்பார்கள். பயந்தால் ஓடிவர வேண்டிய மடியே பயமுறுத்தினால் சின்னக் குழந்தை எங்கே ஓடும்?

7. விளையாட்டுக்கும் மிரட்டாதீர்கள். பூச்சாண்டி, போலீஸ், ஊசி எதுவும் வேண்டாம். "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்", "இங்கேயே விட்டுட்டுப் போயிடுவேன்" என்பவை இன்னும் மோசம். பெரியவர்கள் சிரிக்கிறார்கள், குழந்தை நம்பிவிடுகிறது. கைவிட்டுவிடுவேன் என்ற மிரட்டல் குழந்தை மனதை எப்படி அரிக்கும் என்று ஜான் பவுல்பி 1973-ல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

8. தவறினால் சரிசெய்யுங்கள். தூக்கமில்லாத இரவுக்குப் பிறகு யாருக்கும் குரல் உயரும். தணிந்ததும் பக்கத்தில் போய், "அம்மா கத்திட்டேன், பயந்துட்டியா?" என்று தூக்கிக்கொள்ளுங்கள். இதைவிடப் பெரிய குறையையும் ஓரளவு ஈடுசெய்யலாம். ருமேனியாவின் குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்த 136 குழந்தைகளை வைத்து 2000-ல் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வில், வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள் இன்னும் கூடுதலாக. அதனால் சீக்கிரம் தொடங்குவது நல்லது. தாமதமாகத் தொடங்கினாலும் வீணில்லை. உங்கள் பிள்ளைக்கு நாலு வயது ஆகிவிட்டதென்றால், இன்று சாயங்காலம் பத்து நிமிடம் வேறு வேலை எதுவும் பார்க்காமல் அது சொல்வதைக் கேளுங்கள். நாளைக்கும் கேளுங்கள்.