பாறையில் எழுதிய பெயர்

காலாண்டு விடுமுறையில் பெற்றோர் ஒப்புதலுடன் ஏழாம் வகுப்பு மாணவர்களை மிதிவண்டியில் புதுக்கோட்டை மாவட்டம் சித்தன்னவாசலுக்கு அழைத்துச் சென்றேன். மலையேறி, சமணத் துறவியர் தங்கிய ஏழடிப்பட்டம் குகையில் 17 கற்படுக்கைகளை எண்ணினோம். ஒன்றில் ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையான தமிழி எழுத்துகள். தொடாமல், பார்த்து வரையச் சொன்னேன்.

“இதுவும் பாறையில் பெயர் எழுதியதுதானே, சார்?” என்றான் ஒருவன்.

பள்ளி நாளில் வேறொரு மலையில் என் பெயரைக் கீறியவன் நான். அதை மறைக்காமல் சொன்னேன். “இந்தப் படுக்கையை யாருக்காக யார் செய்து கொடுத்தார் என்று இவ்வெழுத்து சொல்கிறது. நான் கீறியது பாறையைக் கெடுத்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.”

பள்ளி திறந்ததும் அவன் குறிப்பேட்டில் முதல் வரி: ‘பாறையில் எழுதக்கூடாது. நோட்டில் எழுதணும்.’ களப்பயணம் புறப்படும் முன்பே இதை நீங்களும் வகுப்பில் பேசலாம்.