வருமான வரிக்குச் சட்டமே இல்லையா?

அமெரிக்காவில் சிலர், "உழைத்துப் பெறும் கூலி வருமானமே அன்று, வரி கட்ட எந்தச் சட்டமும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை" என வாதாடி வருகின்றனர். 1913இல் ஏற்கப்பட்ட 16ஆவது அரசியல் சட்டத் திருத்தமே செல்லாது என்பாரும் உண்டு!

சீக் என்னும் விமானி 1979க்குப் பின் கணக்குக் காட்டவில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை சென்றது. 1991இல் வந்த தீர்ப்பை நாம் ஊன்றி நோக்குவோம். சட்டத்தை உண்மையாகவே தவறாகப் புரிந்துகொண்டவன் வேண்டுமென்றே குற்றம் செய்தவனாகான் என்றது கோர்ட். ஆயினும் அவனது வரிப்பாக்கி அதனால் தீராது. சட்டத்தை நன்கறிந்தும், 'அது அரசியல் சட்டத்துக்கு முரண்' என்று தானே முடிவு செய்து கட்ட மறுப்பவனுக்கோ அந்தச் சலுகையும் இல்லை.

மறுவிசாரணையில் ஜூரிகள் விமானியைக் குற்றவாளி என்றே கண்டனர்.