இறக்கும் அவகாசமும் தாமதக் கட்டணமும்

கடலே காணாத தருமபுரி மாவட்டத்தில், கப்பல் சரக்கு பற்றிய பாடம் எதற்கு என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். நம் நிலத்திற்கு இடும் பொட்டாஷ் உரம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருவதாகும். துறைமுகத்தில் இறங்கி, ரயிலிலும் லாரியிலும் ஏறி, நம் சங்கக் கிடங்கை அடைகிறது. ஒவ்வோர் இடத்திலும் அதை இறக்குவதற்குக் கால வரையறை உண்டு.

முழுக் கப்பலை வாடகைக்கு அமர்த்துவோர், சரக்கை ஏற்றவும் இறக்கவும் உரிய அவகாசத்தை ஒப்பந்தத்திலேயே குறிப்பர். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை; வாடகையில் அடக்கம். உதாரணமாக, 20,000 டன் உரத்தை நாளொன்றுக்கு 2,000 டன் வீதம் இறக்குவதென்றால் அவகாசம் 10 நாள். கப்பல் வந்து சேர்ந்து, 'ஆயத்தம்' என்று அதன் தலைவர் எழுத்து மூலம் அறிவித்தபின், ஒப்பந்தத்தில் கண்டவாறு கணக்குத் தொடங்கும். மழையால் வேலை நின்ற நேரமும் விடுமுறை நாட்களும் கழிக்கப்படுமா என்பது ஒப்பந்த வாசகத்தைப் பொறுத்தது.

வேலை முடிய 12 நாள் ஆயின், மிகுந்த 2 நாளுக்கு 'டெமரேஜ்' என்னும் தாமதக் கட்டணம் செலுத்தவேண்டும். 8 நாளில் முடித்தால், ஒப்பந்தம் இடமளிக்குமாயின், மீந்த 2 நாளுக்கு வெகுமதி உண்டு. வழக்கமாக அது தாமதக் கட்டணத்தில் பாதி. அவகாசம் தீர்ந்தபின் பெய்யும் மழைக்குப் பொதுவாகக் கழிவு இல்லை.

1975இல் நைஜீரியா அரசு, லாகோஸ் துறைமுகத்தின் சக்தியை எண்ணாமல் சுமார் 2 கோடி டன் சிமெண்டுக்கு ஆர்டர் கொடுத்தது. நூற்றுக்கணக்கான கப்பல்கள் கடலில் காத்து நின்றன. தாமதக் கட்டணம் அந்நாட்டிற்குப் பெருஞ்சுமையாயிற்று.

ரயிலிலும் இவ்விதியே. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி, இலவச நேரத்திற்கு மேல் வேகனை நிறுத்தினால் டெமரேஜ். சரக்கை எடுக்காமல் ரயில்வே இடத்திலேயே விட்டுவைத்தால் வார்ஃபேஜ்.

தணிக்கையின்போது நான் கண்ட ஒரு சங்கத்தில், உர லாரி வந்த நேரம் பதிவேட்டில் எழுதப்படவில்லை. லாரிக்காரர் கேட்ட காத்திருப்புத் தொகையை மறுக்க வழியில்லாமற் போயிற்று. அது அங்கத்தினர்களின் பணமன்றோ!

ஆகவே நிர்வாகக் குழுவினர் மூன்றை மறவாதிருத்தல் நலம். அவகாசம் எப்போது தொடங்கும், எவை கழிவு, கட்டணம் எவ்வளவு என்பவற்றை முன்னரே எழுத்தில் பெறுக. வண்டி வந்த நேரத்தையும் இறக்கி முடித்த நேரத்தையும் பதிந்து, ஓட்டுநரின் கையொப்பம் பெறுக. சரக்கு வருமுன்பே ஆட்களையும் கிடங்கையும் ஆயத்தம் செய்க.